பழைய ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்புக்கு எல்இடி வளையம்

நேற்று ராத்திரி ஏலக்காய்ப் பூ ஒன்றைப் பிரித்து வைத்துப் பார்த்தேன். உள்ளே இருந்த இலைப்பேனின் இறக்கை ஓரத்துக் குஞ்சம் தனித்தனி மயிராகத் தெரிந்தது. மொத்தப் பூச்சியே ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். லென்ஸில் நான் கை வைக்கவே இல்லை, வெளிச்சத்தை மட்டும்தான் மாற்றினேன். சந்தோஷம் தாங்காமல் இதை எழுதுகிறேன்.

மைக்ரோஸ்கோப்பு அம்பாலாவில் செய்தது, 7 முதல் 45 மடங்கு ஜூம். ஒரு கல்லூரி ஆய்வகம் கழித்ததை வாங்கி, கம்பம்மெட்டுக்கு மேலே தோட்டத்துக் கொட்டகையில் வைத்திருக்கிறேன். கூட வந்த 6 வோல்ட் 20 வாட் பல்பு சூட்டில் பூ வாடிவிடும், பூச்சி ஓடிவிடும். மஞ்சள் வெளிச்சத்தில் காயின் மேல் இருப்பது இலைப்பேன் சுரண்டிய சொறியா நிழலா என்றும் பிரிக்க முடியாது. சொறி விழுந்த காய்க்குப் போடி, புற்றடி ஏலக்காய் ஏலத்தில் விலை இறங்கும் என்பதால் எனக்கு இது வெறும் பொழுதுபோக்கும் இல்லை. அதனால் லென்ஸைச் சுற்றி மாட்டும் எல்இடி வளையம் ஒன்றை நானே செய்தேன். கடையில் விற்கும் ரெடிமேட் வளையம் வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் உண்டு. சுற்றிலும் ஒரே அளவு வெளிச்சம் விழுந்தால் மேடுபள்ளமே தெரியாது.

வளையத்துக்கு 90 மி.மீ. பிவிசி எண்ட் கேப், அதாவது குழாய் முனையை அடைக்கும் மூடி. கம்பத்தில் ஹார்டுவேர் கடைக்காரர், "எந்த லைனுக்குத் தம்பி?" என்றார். "மைக்ரோஸ்கோப்புக்கு அண்ணே" என்றதும், நடுவில் பெரிய துளை போட வேண்டியிருக்கும் என்று தடித்த மூடியாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர்.

வேலையில் உயிரே சாய்வில்தான் இருக்கிறது. லென்ஸ் முனையிலிருந்து பொருளுக்கு 100 மி.மீ. 24 எல்இடியும் உட்காரும் வட்டத்தின் ஆரம் 40 மி.மீ. ஆக ஒவ்வொன்றும் உள்நோக்கி 22 டிகிரி சாய வேண்டும். வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் 5 மி.மீ. பிட்டைச் சாய்த்து வைத்தால் வழுக்கிக்கொண்டே போகும். அதனால் முதலில் 2 மி.மீ. துளையை நேராகப் போட்டேன். அப்புறம் 22 டிகிரியில் அறுத்த மரக்கட்டை மேல் மூடியை உட்காரவைத்து, டிரில் ஸ்டாண்டில் பெரிதாக்கினேன். சாய்ந்த துளையில் எல்இடியின் அடிவிளிம்பு ஒரு பக்கம் முட்டி நிற்கும், அந்தப் பக்கத்தை மட்டும் அரத்தால் தேய்க்க வேண்டும். தேய்த்ததும் ஒவ்வொன்றாக எரியவிட்டு, கீழே கிராஃப் தாளில் வட்டம் எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் பசை வைத்தேன். 24 வட்டமும் ஒரே இடத்தில் விழும்வரை விடவில்லை. கடைசியாக எல்இடி தலைகளை 400 நம்பர் வாட்டர் பேப்பரில் மங்கலாக்கி, மேலே ட்ரேசிங் பேப்பர் ஒட்டினேன். இந்த ஒரு கட்டத்துக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும்.

கொட்டகையில் இருப்பது சோலார் பேட்டரி. 12 வோல்ட்டுக்கு மூன்று எல்இடி தொடர் போடுவதுதான் வழக்கம், ஆனால் இங்கே அது ஆகாது. மூன்றும் சேர்ந்து 9.6 வோல்ட் எடுத்தால் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 2.4. வெயிலில் சார்ஜ் ஏறிப் பேட்டரி 14.4-க்குப் போனால் அது 4.8 ஆகும், கரண்டும் இரட்டிப்பாகும். அதனால் இரண்டிரண்டாக 12 தொடர், ஒவ்வொன்றிலும் 150 ஓம், முன்னால் வோல்ட்டேஜை நிலையாகப் பிடித்துவைக்கும் எல்எம்317 ஐசி ஒன்று. அதில் 240 ஓம், 1 கிலோஓம், அதோடு 500 ஓம் பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்). கிட்டத்தட்ட 6.5 முதல் 9 வோல்ட் வரை திருகலாம். சின்ன ஹீட்சிங்க் அவசியம். வெளிச்சத்தை வேகமாக அணைத்து எரியவிட்டுக் குறைக்கும் மலிவான பிடபிள்யூஎம் டிம்மர் வேண்டவே வேண்டாம், போனில் வீடியோ எடுத்தால் பட்டை பட்டையாக ஓடும்.

எல்இடி வாங்கும்போது சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90-க்கு மேல் என்று கேட்டு வாங்குங்கள். நீலம் அடிக்கும் சாதா வெள்ளையில் காயின் பச்சை செத்துப்போகும். சென்னைக்குப் போகிறவர்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெரு. மலைப்பக்கம் இருப்பவர்களுக்கு எர்ணாகுளம் பள்ளிமுக்கும் ஒரு வழி.

வளையத்தை நான்கு கால்வாசியாகப் பிரித்து வயர் இழுத்திருக்கிறேன். ஒரு கால்வாசி மட்டும் எரிந்தால் சொறியின் விளிம்பு எழும்பி நிற்கிறது, நிழல் தனியாகப் பிரிகிறது. நான்கு சுவிட்சுக்கும் இன்னும் பெட்டி செய்யவில்லை, வயர்கள் மேசையில் தொங்குகின்றன. அதற்குள் மனசு போலரைசருக்கு, அதாவது பளபளப்பை வடிகட்டும் ஃபிலிமுக்குத் தாவிவிட்டது. பளபளப்பான காயில் இன்னும் கொஞ்சம் மினுமினுப்பு மிச்சம் இருக்கிறது. பழுதான எல்சிடி மானிட்டரில் உரித்த ஃபிலிமை வளையத்துக்குக் கீழே ஒன்று, லென்ஸுக்குக் கீழே குறுக்காக ஒன்று வைத்தால் அதுவும் போய்விடும். ஃபிலிம் உரித்தாயிற்று, பின்னால் இருக்கும் பசை மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை.