ஒன்பது மணிக் குளிசை

மே 14, 2024

பெயர் போடாமல்தான் எழுதுவேன், மட்டக்களப்பு சின்ன ஊர். என் கணவர் திரும்பக் கட்டாருக்குப் போக மெடிக்கல் எடுத்தபோது 'அன்ஃபிட்' என்று வந்து, மறுபடி ரத்தம் பார்த்து, எச்.ஐ.வி என்று உறுதியாகி இரண்டு மாதம். எப்படி வந்தது என்று நான் ஒருதரம் கேட்டேன், அவரும் ஒருதரம் சொன்னார், அதை இங்கே எழுதமாட்டேன். எனக்கு இல்லை. வராமல் இருக்கத்தான் இன்று முதல் குளிசை. 'பிரெப்' என்கிறார்கள், டெனோஃபோவிர், எம்ட்ரிசிட்டபைன் இரண்டும் ஒரே குளிசைக்குள். தருவதற்கு முன் எச்.ஐ.வி, சிறுநீரகம், ஹெபடைட்டிஸ் பி எல்லாம் பார்த்தார்கள். இவரும் மருந்து தொடங்கிவிட்டார். ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்றால் அவரிடமிருந்து எனக்குத் தொற்றாதாம், அதுவரைக்கும் இது ஒரு பாலம் என்றார் டாக்டர். கல்லடிப் பாலம் கட்டி முடியும்வரை தோணி என்று நான் மாற்றி நினைத்துக்கொண்டேன்.

பெண்கள் ஏழு நாளாவது விடாமல் போட்ட பிறகுதான் இதை நம்பலாம். அதுவரை ஆணுறை. இரவு ஒன்பது மணி என்று வைத்திருக்கிறோம், இரண்டு பேருக்கும் ஒரே நேரம்.

மே 17

குமட்டல், தலையிடி. சோற்று மணமே பிடிக்கவில்லை. சில கிழமையில் போய்விடும் என்றார்கள். அம்மா என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறா. அவ நினைப்பது அது இல்லை.

மே 20

போத்தல் சத்தம் போடுகிறது! 30 குளிசை, பிளாஸ்டிக் போத்தல், அலுமாரிக் கதவைத் திறந்தாலே கிலுகிலுப்பை மாதிரி. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியும்தானே, கல்யாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், ஆகவே எனக்கு மாமியார் பிரச்சினை இல்லை, ஆனால் அம்மா இருப்பது அதே வளவில், என் அலுமாரி அவவுக்கும் அலுமாரி. குளிசைகளைப் பழைய பிஸ்கட் டின்னில் கொட்டலாம் என்று கிளினிக்குக்குப் போன் எடுத்துக் கேட்டால் நர்ஸ் மிஸ் ஏசினா, ஈரம் பட்டால் மருந்து பழுது, உள்ளே இருக்கும் சின்னப் பையையும் எறிய வேண்டாம் என்று. கடைசியில் பஞ்சு அடைத்தேன். சத்தம் நின்றது.

மே 23

கண்ணகி அம்மன் கோயில் சடங்கு, இரவு முழுக்க அங்கேதான். குளிசையை லேஞ்சியில் முடிந்து கொண்டுபோனேன். ஒன்பது மணிக்குப் பறைச் சத்தத்துக்கு நடுவில், தண்ணீர்ப் பந்தலில் கையைப் பொத்திக்கொண்டு விழுங்கினேன். களவு செய்த மாதிரி இருந்தது. ஏன் அப்படி இருக்க வேண்டும் என்று கோபமும் வந்தது.

ஜூன் 9

நேற்று மறந்துவிட்டேன். இல்லை, பொய். பெரியம்மாவின் மகள் வந்து படுத்தாள், அவளுக்கு முன்னால் போத்தலை எடுக்கவில்லை.

அந்த வெட்கத்தில் இன்று தேடித்தேடி வாசித்தேன். 2009 இல் தென்னாப்பிரிக்கா, உகண்டா, சிம்பாப்வேயில் எச்.ஐ.வி வராமல் தடுக்கும் மருந்துகளுக்கு 'வாய்ஸ்' என்று ஒரு பெரிய ஆய்வு தொடங்கியிருக்கிறார்கள், 5,029 பெண்கள். போடுகிறோம் போடுகிறோம் என்றுதான் பெரும்பாலானோர் சொன்னார்களாம், ரத்தத்தைப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மாதிரிகளில்தான் மருந்து இருந்தது. 25 வயதுக்குக் கீழே, கல்யாணம் ஆகாத பெண்கள்தான் மிகக் குறைவாகப் போட்டவர்கள். இதை வாசித்துவிட்டு 'பொறுப்பில்லாத பிள்ளைகள்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் வீட்டிலும் போத்தல் கிலுங்கியிருக்கும்.

ஜூன் 22

நேற்றுமுன்தினம் வந்த செய்தி. தென்னாப்பிரிக்காவிலும் உகண்டாவிலும் 16 முதல் 25 வயதுப் பெண்களுக்கு லெனகாபவிர் என்ற ஊசியை ஆறு மாதத்துக்கு ஒருதரம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஊசி போட்ட 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்றவில்லை. ஒருவருக்கும்! அதே ஆய்வில் என்னுடைய இந்தக் குளிசை கிடைத்த 1,068 பேரில் 16 பேருக்குத் தொற்றியிருக்கிறது, அங்கேயும் பலர் ஒழுங்காகப் போடவில்லை. வருசத்துக்கு இரண்டு ஊசி என்றால் போத்தலும் இல்லை பஞ்சும் இல்லை. இவரிடம் சொன்னேன். "இங்க வரட்டும், முதல் ஆள் நீதான்" என்றார். சரி, அதுவரை இதுதான்.

ஜூலை 11

பிடிபட்டேன். அம்மா பெட்சீட் மடித்து வைக்கும்போது போத்தலை எடுத்திருக்கிறா. "இதென்னகா? புள்ள வேணாமெண்டு குளிசை போடுறியா?" என்று கேட்டு அழுதேவிட்டா.

சிரிப்பதா அழுவதா. இது பிள்ளை உண்டாவதைத் தடுக்கிற குளிசையே இல்லை, கர்ப்பமாக இருக்கும்போதும் போடலாம். எங்களுக்கும் பிள்ளை ஆசை இருக்கிறது, இவருடைய கிருமி அளவு இறங்கட்டும், மறுகா யோசிப்போம் என்றுதான் டாக்டரும் சொன்னார். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி பரவுவதையே ஒழித்துவிட்டோம் என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்திருக்கிறது, அப்படிப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு அம்மாவிடம் நாலு வார்த்தை உண்மை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வாயில் வந்தது: "ரத்தக்குறைவுக்கு அம்மா. கிளினிக்கில தந்தது."

ஆகஸ்ட் 13

மூன்று மாதப் பரிசோதனை. எனக்கு நெகட்டிவ், சிறுநீரகமும் சரி. இவருடைய ரிப்போர்ட் அடுத்த கிழமை.

ஜூலைக்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. ஒன்பது மணி ஆனால் அம்மா அங்காலிருந்து கூப்பிடுகிறா, "குளிசை போட்டியா புள்ள?" பக்கத்து வீட்டு மாமிக்கும் சொல்லியாயிற்று, என் மகளுக்கு ரத்தம் காணாது என்று. போத்தல் இப்போது தண்ணீர்க் குடத்துக்கு மேல் தட்டில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால். பஞ்சை எடுத்துவிட்டேன்.

ஒரு மாதமாக மத்தியானம் முருங்கையிலைச் சுண்டல். இன்றைக்கும்தான்.