வேதாளையும் ஓரியூரும்: ராமேஸ்வரம் போகிறவர்கள் விட்டுவிடும் ஊர்கள்

ராமநாதபுரம் பக்கம் வருகிறவர்கள் பாம்பன் பாலத்தில் ஒரு செல்ஃபி, ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இதில் பெரிய வருத்தம். கிறிஸ்தவ வேதம் பரப்ப வந்த இருவர் இந்தக் கரையோரம் உயிரைவிட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு ஊர்களையும் பார்த்துவிட்டு வந்த சூட்டோடு எழுதுகிறேன்.

முதலில் வேதாளை. ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் சாலையில் இருக்கிறது, பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. 1530களில் முத்துக்குளிக்கும் பரதவர்கள் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நம்பி கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். அவருக்கு அப்புறம் இந்தக் கடற்கரையைக் கவனித்தவர் அந்தோணி கிரிமினாலி என்ற இத்தாலியக் குரு. வேதாளைக் கோட்டையில் இருந்த போர்ச்சுக்கீசியப் படையினர் ராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்களிடம் சுங்கம் பிடுங்கினார்கள். விஜயநகரப் படை சும்மா இருக்குமா? 1549இல் வந்து இறங்கியது. பெண்களையும் பிள்ளைகளையும் படகில் ஏற்றிவிடுவதற்காகக் கரையிலேயே நின்ற கிரிமினாலி கொல்லப்பட்டார். இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவிகள் சபையின் முதல் மறைசாட்சி, அதாவது வேதத்துக்காக உயிர்விட்டவர், என்று அவரைச் சொல்கிறார்கள். வசூல் பண்ணியது கோட்டைக்காரர்கள், செத்தது அவர். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் விசாரித்தேன். அந்தப் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை.

அங்கிருந்து ராமநாதபுரம் திரும்பி, தேவிபட்டினம் வழியாகத் தொண்டிக்குப் பஸ். அந்தப் பஸ்ஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஜன்னல் கண்ணாடி இறங்கவே இல்லை, இருக்கையில் பஞ்சு பிதுங்கி ஸ்பிரிங் குத்தியது. உப்பூர் வரை ஒரு கருவாட்டுக் கூடை என் காலடியில். கூடைக்காரம்மா மட்டும் நல்ல மனுஷி. "தள்ளி உக்காருங்க தம்பி, வெயில் அடிக்குது" என்று தன் பக்கம் இடம் கொடுத்தார்.

தொண்டியில் இறங்கியதும் சாப்பாடு. கடைத்தெருவில் ஓலை போட்ட சின்ன மெஸ். விளமீன் குழம்பு, நண்டு மசாலா, நெத்திலி வறுவல். குழம்பின் நிறமே தனி. இந்த மாவட்டத்துக் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தியாகப் படித்துவிட்டு விட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் நாக்குக்குப் புரிந்தது. காரம் மெதுவாக ஏறுகிறது, வயிற்றை எரிக்கவில்லை. மூன்று முறை சோறு வாங்கியும் 180 ரூபாய்தான். மதுரையில் இந்தக் காசுக்கு அரை மீன்கூட வைக்க மாட்டார்கள்.

மிச்சம் பிடித்த காசெல்லாம் ஆட்டோவில் போனது. ஓரியூர் போய்வர 600 என்று பேசித்தான் ஏறினேன். பாதி வழியில் "ரோடு சரியில்லை", அங்கே போனதும் "வெயிட்டிங்", கடைசியில் 800 வாங்காமல் விடவில்லை. அவசரமில்லாதவர்கள் திருவாடானை வழியாக டவுன் பஸ் விசாரித்துக்கொண்டு போங்கள்.

ஆனால் ஓரியூரைப் பார்த்ததும் ஆட்டோக் கோபம் போய்விட்டது. பாம்பாற்றங்கரைப் பொட்டல் வெளி, அதில் ஓங்கி நிற்கும் கோயில் முகப்பு, சிவந்த மண். அருளானந்தர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்று பக்தர்கள் அந்த மண்ணைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போகிறார்கள்.

அருளானந்தரின் சொந்தப் பெயர் ஜான் டி பிரிட்டோ. லிஸ்பன் நகரத்துப் பிரபு வீட்டுப் பிள்ளை. போர்ச்சுக்கல் அரசர் இரண்டாம் பேதுரு அவருக்குச் சின்ன வயதுத் தோழர். அந்த மனிதர் 1673இல் கப்பலேறி வந்து, காவி கட்டி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு, பண்டாரசாமியாக மறவ நாட்டில் நடந்தார். இங்கே கோட்டையும் இல்லை, பீரங்கியும் இல்லை. அவருக்கு முன்னால் போய் ஊரைத் தயார் செய்தவர்கள் வேதம் சொல்லிக்கொடுக்கும் உள்ளூர் உபதேசியார்கள். 1686இல் பிடித்துச் சித்திரவதை செய்து, இனி இந்தப் பக்கம் வரக் கூடாது என்று விட்டார் மறவ நாட்டை ஆண்ட கிழவன் சேதுபதி. ஐரோப்பா போனவரைப் போர்ச்சுக்கல் அரசர் அங்கேயே இருக்கச் சொன்னார். கேட்கவில்லை, 1690இல் திரும்பி வந்துவிட்டார்.

மறவ இளவரசர் தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டபோது, ஒரு மனைவி போதும், மற்றவர்களை விலக்கு என்றார் அருளானந்தர். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதிக்கு நெருங்கிய உறவு. அவள் அரண்மனையில் முறையிட்டாள். தடியத்தேவர் அதிகாரப் போட்டியாளர் என்ற பயமும் சேதுபதிக்கு இருந்தது. 1693 பிப்ரவரி 4, கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் அன்று, ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. அதற்கு முன், சிறையில் கரியைத் தண்ணீரில் கரைத்துக் கடிதம் எழுதியிருக்கிறார். 1947இல் ரோம் அவரைப் புனிதர் என்று அறிவித்தது.

எனக்கு அருளானந்தர் மேல் மரியாதை கூடித்தான் போனது. ஆனாலும் அந்தப் பெண்ணைப் பழிகாரியாக மட்டும் சொல்லி முடிப்பது அநியாயம். ஒரு நாளில் வீடும் அந்தஸ்தும் போனவள் தன் உறவுக்காரரிடம் முறையிடாமல் யாரிடம் போவாள்?

இங்கே வருகிறவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள் இல்லை. மொட்டை போடுகிறார்கள், கிடா வெட்டிச் சமைத்து ஊரைக் கூட்டிப் போடுகிறார்கள், தென்னங்கன்று காணிக்கை வைக்கிறார்கள். மறவர், கள்ளர், உடையார் எனப் பல சாதிக்காரர்களும் நேர்ந்துகொள்ளும் சாமியாகிவிட்டார். வெட்டிய நாடே அவரை வைத்துக்கொண்டது. வேதாளையில் பின்னால் நின்ற கோட்டைதான் இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம் என்று எனக்குத் தோன்றுகிறது.

போகிறவர்கள் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், நிழல் குறைவு. ராமநாதபுரத்தில் அறை எடுத்தால் செலவு கட்டுப்படும். அதிகாலையில் கிளம்பி ஓரியூரை முதலில் முடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குத் தொண்டி வந்துவிடுங்கள். இரண்டு மணிக்கு மேல் விளமீன் கிடைக்காது.