மேட்ச் நாளில் பூட்டிய வீடு

அண்ணனுக்குக் கால்பந்துதான் தொழில். கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தின் எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள மைதானங்களில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆடி வளர்ந்தவர். நான்கு வருடமாக ஒரு கிளப்பில் ஒப்பந்தத்தில் ஆடுகிறார். சீசன் தொடங்கினால் மாதத்தில் இருபது நாள் வீட்டில் இருக்கமாட்டார். வீட்டில் அம்மா, அண்ணி, மூன்று வயதுப் பாப்பா, நான். எனக்குக் கோயம்புத்தூரில் வேலை. காலையில் வேலந்தாவளம் வழியாகப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவேன்.

2025 ஜனவரியில், பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டில் திருட்டு நடந்தது. அன்று கோழிக்கோட்டில் அண்ணனுக்கு மேட்ச். சொந்தக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வேன் பிடித்துப் போயிருந்தோம். ஆட்டம் முடிந்து வீடு வந்து சேர இரவு இரண்டு மணி தாண்டிவிட்டது. முன்கதவுப் பூட்டு அப்படியே இருந்தது. திறந்து உள்ளே போனதும் அம்மா, "என்னடா, மொளகாப்பொடி நெடி அடிக்குது" என்றார். அடுக்களையில் டப்பாவோடு மிளகாய்ப்பொடியைக் கொட்டியிருந்தார்கள். மோப்ப நாயைத் திணறடிக்கத்தான் அது என்று பிறகு தெரிந்தது. பின்கதவின் தாழ்ப்பாள் நெம்பப்பட்டு, மரச் சட்டத்தோடு பிய்ந்து தொங்கியது. பீரோ திறந்து கிடந்தது. அண்ணியின் நகை பதினோரு பவுன், அம்மாவின் பழைய காசுமாலை, வேனுக்கும் வீட்டுச் செலவுக்கும் எடுத்து வைத்திருந்த பணம் எல்லாம் போயிருந்தன. அண்ணன் பள்ளி நாளில் மாவட்டப் போட்டியில் வாங்கிய முதல் மெடலையும் காணோம். அது தங்க முலாம் பூசியது, விற்றால் ஒன்றும் தேறாது. எடுத்தவனுக்கு அது தெரிந்திருக்காது.

முதல் பத்து நிமிடத்தில் நாங்கள் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். அம்மா அழுதுகொண்டே பீரோவுக்குள் கையை விட்டுத் துழாவினார். பாப்பா மிதித்துவிடக் கூடாதே என்று அண்ணி மிளகாய்ப்பொடியைக் கூட்டி அள்ளிவிட்டார். நான் பின்கதவை இழுத்துச் சாத்தினேன். மூன்றுமே செய்திருக்கக் கூடாது. கதவு உடைந்திருப்பதைப் பார்த்ததும் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே இன்னும் ஆள் இருக்கிறானா இல்லையா என்று நமக்குத் தெரியாது. எதிர்வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து 112க்கு அடிக்க வேண்டும். போலீஸ் வரும்வரை வீட்டில் ஒரு டம்ளரைக்கூட நகர்த்தக் கூடாது. விடிந்ததும் விரலடையாளம் எடுக்க வந்தவர் பீரோ முழுக்கப் பொடி தடவி, வரிசையாகக் கைத்தடங்களை எடுத்தார். கடைசியில் எங்கள் எல்லாருடைய விரலடையாளமும் அவருக்கு வேண்டியிருந்தது. வீட்டு ஆட்களின் தடங்களைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்க்கவேண்டுமாம். அம்மா தொட்ட இடமெல்லாம் அவருக்கு இரட்டை வேலை. நாய் பின்பக்கத் தென்னந்தோப்பு வழியாகப் போய், வாய்க்கால் ரோட்டில் நின்றுவிட்டது. அங்கே வண்டி நிறுத்தியிருப்பார்கள் என்றார்கள்.

அப்புறம் ஸ்டேஷன். எங்கள் சித்தூர் தாலுக்காவில் பாதி வீடுகளில் தமிழ்தான் பேச்சு. ஆனால் ஸ்டேஷன் எழுத்து மலையாளத்தில்தான். வாக்குமூலம் எடுத்தவருக்குத் தமிழ் நன்றாகவே புரிந்தது. அம்மா தமிழில் சொல்லச் சொல்ல, அவர் மலையாளத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டினார். புகார் கொடுத்தவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் எங்கள் மூன்று பேருக்கும் தூக்கமில்லை, தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டோம். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுத்தார்கள், அதுவும் நம் உரிமைதான். மத்தியானம் வீட்டில் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தபோதுதான் 'காசுமாலை' வெறும் 'மாலை' ஆகியிருப்பதையும், இரண்டு வளையல் ஒன்றாகக் குறைந்திருப்பதையும் பார்த்தேன். மெடலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. விலைபோகாத பொருள் என்று நாங்களே அழுத்திச் சொல்லாமல் விட்டிருந்தோம்.

அதைச் சரிசெய்யக் கூடுதல் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். மறுநாள் போனால் பொறுப்பு அதிகாரி இல்லை, அதற்கு மறுநாள் கோர்ட் டியூட்டி, இப்படியே ஆறு நாள் அலைந்தேன். கடைசியில் எழுத்தாகவே கொடுத்தேன், தமிழில். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இல் வந்தது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அரசு அறிவித்த இடங்களில், அங்குள்ள அரசு அலுவலகங்களோடு தமிழர்கள் தமிழிலேயே எழுத்துத் தொடர்பு வைத்துக்கொள்ளலாம் என்று அது சொல்கிறது. வாங்கிக்கொண்டு ரசீதும் தந்தார்கள். நம் பக்கத்து ஆட்களில் நிறையப் பேர் மலையாளம் எழுத வராது என்று வெட்கப்பட்டு, யாரிடமோ எழுதி வாங்கிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியாது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

நகைப் பட்டியல் தயாரித்ததுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பாடு. பில் எங்கே என்று கேட்டார்கள். பில்லும் அதே பீரோவில்தான் இருந்தது, பையோடு போய்விட்டது. கல்யாணத்துக்கு நகை எடுத்த கடையில் தேதியைச் சொல்லி, இரண்டு நாள் காத்திருந்து நகல் வாங்கினேன். 2023 ஏப்ரலுக்குப் பிறகு கடைகள் விற்கிற ஹால்மார்க் நகையில் ஹெச்.யு.ஐ.டி. என்று எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளம் இருக்கும். பாப்பாவின் செயின் ஒன்றுக்கு மட்டும் அது இருந்தது. மற்றதெல்லாம் பழைய நகை. காசுமாலைக்கு பில்லே கிடையாது, அது பாட்டி போட்டது. கல்யாண ஆல்பத்தில் அம்மா அதைப் போட்டுக்கொண்டு நிற்கிற ஒரு படம் இருந்தது. ஸ்டுடியோக்காரரிடம் சொல்லி அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி வாங்கினேன். மூன்றாவது காசின் ஓரத்தில் ஒரு நசுங்கல் தெரிந்தது. சின்ன வயதில் நான் அம்மியில் வைத்துத் தட்டியது அது என்று அம்மா எப்போதும் சொல்லுவார்.

படத்தைத் தேடவேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் பென் ஸ்டோக்ஸ்தான் காரணம். 2024 அக்டோபரில் அவர் பாகிஸ்தானில் டெஸ்ட் தொடரில் இருந்தபோது, இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் இருக்கும் அவர் வீட்டுக்குள் முகமூடி போட்டவர்கள் புகுந்தார்கள். மனைவியும் இரண்டு குழந்தைகளும் அப்போது வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்கு அடிபடவில்லை. ஆனால் நகைகளும், அரசு கொடுத்த ஓ.பி.இ. பதக்கமும் போய்விட்டன. பொருள்களின் படங்களை அவர் வெளியிட்டு, அடையாளம் தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். அதைப் படித்தபோது எங்கோ நடக்கிற செய்தி என்று கடந்துபோனேன். மூன்று மாதத்தில் எங்கள் அம்மா மெடல் வைத்திருந்த இடத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

திருட்டுக்குப் பிறகு இரவில் தூக்கம் வராமல் இதையே தேடித் தேடிப் படித்தேன். 2024 கடைசியில் அமெரிக்காவில் இது தொடர்ந்து நடந்திருக்கிறது. அக்டோபரில் 'அமெரிக்கன் ஃபுட்பால்' வீரர்கள் பேட்ரிக் மஹோம்ஸ், டிராவிஸ் கெல்ஸி இருவர் வீட்டிலும் திருட்டு. கெல்ஸி வீட்டில் நடந்தது அவர் மைதானத்தில் இருந்த நாளில். டிசம்பரில் அதே ஆட்டத்தின் இன்னொரு வீரர் ஜோ பர்ரோ டல்லாஸ் அணிக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்தபோது அவர் வீட்டு ஜன்னலை உடைத்திருக்கிறார்கள். அந்த ஆட்டத்தை நடத்தும் என்.எஃப்.எல்., கூடைப்பந்தை நடத்தும் என்.பி.ஏ. இரண்டு அமைப்புகளும் நவம்பரிலேயே வீரர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியிருந்தன. 2025 பிப்ரவரியில் இந்த வழக்குகளில் சிலி நாட்டைச் சேர்ந்த ஏழு பேர்மேல் குற்றம் சாட்டினார்கள். நம் கால்பந்திலும் உண்டு. 2021 மார்ச்சில் அர்ஜென்டினா வீரர் ஏஞ்சல் டி மரியாவை ஆட்டத்தின் நடுவில் வெளியே கூப்பிட்டு, வீட்டில் திருடன் புகுந்துவிட்டான் என்று சொன்னார்கள். குடும்பம் அப்போது வீட்டுக்குள் இருந்தது. 2022 உலகக் கோப்பையில் இங்கிலாந்து வீரர் ரஹீம் ஸ்டெர்லிங், தன் வீட்டில் ஆள் புகுந்ததாகத் தெரிந்து, கத்தாரிலிருந்து பாதியில் ஊருக்குக் கிளம்பினார்.

அவர்கள் கோடீஸ்வரர்கள், எங்கள் அண்ணன் அப்படி இல்லை. ஆனால் ஒரு விஷயம் எல்லாருக்கும் ஒன்றுதான். மற்ற வேலைக்காரர் எப்போது வீட்டில் இல்லை என்று ஊருக்குத் தெரியாது. விளையாட்டுக்காரர் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த ஊரில் இருப்பார் என்று ஊருக்கே தெரியும், டிவியிலும் காட்டுவார்கள். எங்கள் விஷயத்தில் இன்னும் மோசம். ஜங்ஷனில் அண்ணன் படத்தோடு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தோம். 'ஞாயிறு மாலை 7 மணி, கோழிக்கோடு' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. நண்பர்கள் ஆசையாக வைத்தது, நானும் காசு கொடுத்தேன். குடும்பத்தோடு வேனில் கிளம்புகிற வீடியோவை அண்ணி ஸ்டேட்டஸில் போட்டிருந்தார். அதற்கு முந்தின மாதம் அண்ணன் கோப்பைகளைக் காட்டி ஒரு ரீல் எடுத்திருந்தார். அதில் பின்னால் பீரோவும் பின்கதவும் தெளிவாகத் தெரிந்தன. பிடிபட்டவன் இந்த மூன்றையுமே சொன்னதாக அதிகாரி எங்களிடம் சொன்னார். அன்றைக்கு அண்ணி சாப்பிடவே இல்லை. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று எல்லாரும் மாறி மாறிச் சொன்னோம்.

ஆள் பிடிபட்டது ஏப்ரலில். வேறொரு திருட்டில் சிக்கியவனின் விரலடையாளம் எங்கள் பீரோவில் எடுத்ததோடு பொருந்தியது. நகையில் ஒரு பகுதியை எல்லைக்கு அந்தப் பக்கம், கோவை வட்டாரத்தில் ஓர் அடகுக்கடையில் வைத்திருந்தான். நம் ஊர்ப்பக்கம் இது ஒரு பெரிய தொல்லை. அரை மணி நேரத்தில் மாநிலம் மாறிவிடலாம். ஆனால் போலீஸ் அங்கே போய் எடுத்து வர எத்தனையோ காகிதம் வேண்டும். மீட்டது காசுமாலையும் வளையல்களும் பாப்பாவின் செயினும். மற்றதை உருக்கிவிட்டார்கள். அடையாளம் காட்டக் கூப்பிட்டபோது அம்மா மாலையைத் தொடவில்லை. "மூணாவது காசப் பாருங்க சார்" என்று மட்டும் சொன்னார். அந்த நசுங்கல் இருந்தது.

பிடிபட்ட நகை நேராக வீட்டுக்கு வந்துவிடாது. அது தொண்டிமுதல், அதாவது வழக்கின் சான்றுப் பொருள், கோர்ட்டில்தான் இருக்கும். வழக்கு முடிகிறவரை காத்திருக்கவேண்டும் என்று சிலர் சொன்னார்கள். அப்படி இல்லை. பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 497ஆம் பிரிவில், விசாரணை முடியும் முன்பே பொருளைத் திரும்பக் கேட்டு மனு போடலாம். பழைய சி.ஆர்.பி.சி.யில் அது 451. நகை, பணம் போன்றவற்றைப் படமெடுத்துப் பதிவு செய்து, பத்திரம் எழுதி வாங்கி, உரியவரிடம் கொடுத்துவிடலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. வக்கீல் இதை எடுத்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது. ஆல்பப் படமும் எஃப்.ஐ.ஆரும், நான் தமிழில் கொடுத்த அந்தக் கூடுதல் வாக்குமூலமும்தான் மனுவோடு போனவற்றில் முக்கியமானவை. அன்றைக்கு நான் அலையாமல் விட்டிருந்தால், காகிதத்தில் 'மாலை' என்றுதான் இருந்திருக்கும், வளையலும் ஒன்றுதான். எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இதற்கு நடுவே வீட்டை மாற்றினோம். பின்கதவுக்கு இரும்பு கிரில், உள்பக்கம் குறுக்குப் பட்டை. இரண்டும் எங்கள் ஊர் வெல்டிங் பட்டறையிலேயே செய்தது. முன்பு வாசலில் கேமரா இருந்தது, அதன் பதிவுப் பெட்டி ஹாலில் டிவிக்குக் கீழே இருந்தது. திருடன் அதையும் கையோடு கொண்டுபோய்விட்டான். இப்போது பெட்டி கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது, பதிவு என் போனுக்கும் வந்துவிடும். வைஃபை கேமரா வேண்டாம், கம்பி இழுத்த கேமராவே போதும் என்று முடிவு செய்தோம். அமெரிக்கக் கும்பல்கள் வைஃபையை முடக்கும் கருவியோடு போனதாக எஃப்.பி.ஐ. எச்சரித்திருந்ததைப் படித்திருந்தேன். தோப்புப் பக்கம் ஆள் நடந்தால் எரிகிற விளக்கு இரண்டு. அவை சில நூறு ரூபாய்தான், முன்பே போட்டிருக்கலாம்.

எல்லாரும் வெளியூர் போனால் கேரள போலீஸின் போல்-ஆப்பில் பூட்டிய வீடு என்று பதிவு செய்கிறோம். போகிற நாள், வருகிற நாள், வீடு இருக்கும் இடம், பக்கத்து வீட்டாரின் எண் கொடுத்தால் ரோந்துப் போலீஸ் வந்து பார்க்கும். அதிகபட்சம் பதினான்கு நாள். கிளம்புகிற அன்று நினைத்துக்கொண்டு பதிவு செய்யாமல் சில நாள் முன்பே செய்துவிடுங்கள். எதிர்வீட்டுச் சேச்சியிடம் ஒரு சாவி இருக்கிறது. மாலையில் விளக்கைப் போட்டு, வாசலில் கிடக்கிற பேப்பரை எடுத்து உள்ளே வைப்பார். அவர் செய்கிற அளவுக்கு எந்தக் கருவியும் எங்களுக்கு உதவியதில்லை.

ஆனால் என் கவலை பூட்டிய வீட்டைவிடப் பூட்டாத வீட்டில்தான். ஸ்டோக்ஸுக்கும் டி மரியாவுக்கும் நடந்ததுபோல், அண்ணன் வெளியூரில் ஆடும்போது அம்மாவும் அண்ணியும் பாப்பாவும் உள்ளே இருந்தால்? அதற்கு ஆப் கிடையாது. மேட்ச் நாள் இரவில் மூன்று பேரும் ஒரே அறையில் படுக்கிறார்கள். அந்த அறைக் கதவுக்கு உள்ளே கனமான தாழ்ப்பாள் போட்டிருக்கிறோம், போன் சார்ஜர் தலைமாட்டில். சத்தம் கேட்டால் யாரும் வெளியே போய்ப் பார்க்கக் கூடாது. 112க்குச் சொல்ல வேண்டும், சேச்சிக்கு ஒரு மிஸ்டு கால். எதைக் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டும், நகைக்காக ஒருத்தரும் கை ஓங்கக் கூடாது. இதை அண்ணன்தான் உட்கார்ந்து எல்லாருக்கும் சொன்னார். பாப்பாவுக்கும் புரிகிற மாதிரி, ஒரு விளையாட்டுபோல. நகையெல்லாம் இப்போது பேங்க் லாக்கரில். ஃப்ளெக்ஸ் வைப்பது நிற்கவில்லை, ஆனால் ஆட்டம் முடிந்த மறுநாள்தான் வைக்கிறார்கள். ஸ்டேட்டஸும் ஊர் திரும்பிய பிறகுதான்.

அண்ணன் அந்த சீசனில் சரியாக ஆடவில்லை. அரை நேர இடைவெளியில் போனை எடுத்து வீட்டுக்கு அடிப்பார். கிளப்பில் அதற்கு அனுமதி இல்லை, கோச் கண்டும் காணாமல் விட்டார். இந்த சீசனில் அந்தப் பழக்கம் குறைந்திருக்கிறது. மெடல் கிடைக்கவில்லை. அதே பள்ளியில் கேட்டு நகல் செய்து தரலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார்.

காசுமாலை ஆடி மாதம் கைக்கு வந்தது. கொக்கி உடைந்திருந்தது, அவன் அவசரத்தில் இழுத்திருப்பான். பற்றவைக்கத் தட்டானிடம் எடுத்துக்கொண்டு கிளம்பிய அம்மாவை நான்தான் நிறுத்தினேன். கோர்ட்டில் எழுதிக் கொடுத்த பத்திரத்தில், வழக்கு முடிகிறவரை உருவம் மாற்றக் கூடாது, விற்கக் கூடாது, கேட்டபோது அப்படியே கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று இருக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மஞ்சள் நூலை எடுத்து இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். அப்படியே லாக்கரில் இருக்கிறது. அடுத்த வாய்தா வருகிற மாதம்.