நம்ம ஊர் ஆபீசுக்கு வரும் வெளிநாட்டு நண்பர்களுக்கு

இந்தியாவில் வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டியதை வைத்து வேலை முடிந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். மேலாளர் உட்கார்ந்திருக்க, நாலு பேர் முன்னால் "இந்தத் தேதிக்குள் முடியாது சார்" என்று சொல்வது இங்கே பலருக்கு மரியாதைக் குறைவாகப் படும். அதே ஆளைத் தனியாக டீ குடிக்கக் கூட்டிப்போய் "எது இடிக்கிறது?" என்று கேளுங்கள், சர்வர் இன்னும் வரவில்லை, டெஸ்டிங்குக்கு ஆள் இல்லை, வெள்ளிக்கிழமைக்குள் வாய்ப்பே இல்லை என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். முடியுமா என்று கேட்காமல் எப்போது, எப்படி என்று கேட்பது ரொம்ப நல்லது.

அப்புறம், கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை குழந்தைகள் என்றெல்லாம் முதல் வாரமே கேட்பார்கள். பெரும்பாலும் அக்கறைதான், பிடிக்கவில்லை என்றால் சிரித்துவிட்டு நகரலாம்.

ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாடு முழுக்க விடுமுறை. மற்ற பண்டிகைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சென்னைக் குழுவுக்குப் பொங்கல் வாரத்தில் டெட்லைன் வைக்காதீர்கள், தயவுசெய்து. ஆயுதபூஜைக்கு உங்கள் லேப்டாப்புக்கும் சந்தனப் பொட்டு வைத்துப் பொரி, சுண்டல் தருவார்கள், வலது கையால் வாங்கிக்கொள்ளுங்கள்.