பெகுன்தே போகும் வழியில்

சியோல் மெட்ரோவில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. நான் இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே பெட்டியில் ஏறுகிற முகங்கள்கூட ஒரு நாளும் தலையசைத்ததில்லை. "அவங்களையே மலையில பாருங்க, வேற ஆளா இருப்பாங்க" என்றார் உடன் வேலை பார்க்கும் தமிழ் நண்பர். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, விடிந்ததும் புகான்சானுக்குக் கிளம்பிவிட்டேன்.

'சான்' என்றால் கொரிய மொழியில் மலை. ஊரை விட்டு எங்கோ போக வேண்டியதில்லை; சியோலின் வடக்கு ஓரத்திலேயே நிற்கிறது. 1983இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஓட்டுநர் இல்லாமல் ஓடும் இரண்டே பெட்டி கொண்ட குட்டி ரயிலில் கடைசி நிலையத்தில் இறங்கினால் அடிவாரம். அங்கே ஒரு கடையில் எனக்குத் தெரிந்த அரைகுறைக் கொரியனில் "ஹாம் வேண்டாம்" என்று சொல்லி கடல்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிய கிம்பாப் இரண்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

தோசொன்சா என்ற புத்த கோயில் பக்கம் வரை தார்ச் சாலை. அதற்கப்புறம் பாறைகளை அடுக்கிப் போட்ட செங்குத்தான படிகள். ஹருஜே கணவாய் வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. என்னைத் தாண்டிப் போனவர்களில் பாதிப் பேருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தாண்டுகிற ஒவ்வொருவரும் "அன்னியோங் ஹசேயோ", அதாவது வணக்கம், என்றார்கள். முதல் முறை யாருக்கோ சொல்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். எனக்குத்தான் சொன்னார்கள்.

கணவாயைக் கடந்ததும் மரங்களுக்கு மேலே இன்சுபோங் தெரிந்தது. ஒரே கருங்கல், புல் பூண்டு இல்லாத மொட்டைப் பாறை. அதன் முகத்தில் கயிறு கட்டி ஏறுகிறவர்களின் சிவப்பும் நீலமுமான சட்டைகள். கீழே மேப்பிள் இலைகள் பழுத்துச் சிவந்து கிடந்தன. கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இன்னும் மேலே போனால் கோட்டைச் சுவர் வருகிறது. 1592இல் ஜப்பானியரும் 1636இல் மஞ்சுக்களும் படையெடுத்து வந்து நாட்டைச் சின்னாபின்னமாக்கிப் போனார்கள். மறுபடி அப்படி ஒன்று நேர்ந்தால் அரசர் ஒதுங்கிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்று சுக்ஜோங் மன்னர் 1711இல் இந்த மலைமேல் கோட்டை கட்டினார். அந்தச் சுவரில் உள்ள சின்ன வாசலைத் தாண்டினால் பெகுன்தே உச்சிக்குக் கடைசி ஏற்றம்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பாறையில் துளை போட்டு இரும்புக் கம்பங்கள் நட்டு, அவற்றின் வழியே எஃகு வடம் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அதைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். பல வருஷமாகப் பல பேர் மிதித்துப் பாறை வழவழப்பாகிவிட்டது. காற்று பலமாக அடித்தது. வெறுங்கையால் வடத்தைப் பிடித்தால் ஐஸைப் பிடித்த மாதிரி விரல் மரத்துப்போகிறது. பாதியில் நின்றுவிட்டேன், மேலேயும் போக முடியவில்லை, கீழே பார்க்கவும் பயம்.

பின்னால் வந்த ஒரு பாட்டி என் கைகளைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் பையைத் திறந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்து நீட்டினார். உள்ளங்கைப் பக்கம் சிவப்பு ரப்பர் பூசிய வெள்ளை நூல் கையுறை. கட்டட வேலை செய்கிறவர்கள் போடுவது. நான் மாட்டிக்கொள்ளும் வரை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே பின்னாலேயே வந்தார்.

உச்சி 836 மீட்டர். கொரியக் கொடி காற்றில் படபடக்கிறது. கொடியோடு படமெடுக்க ஒரு வரிசையே நிற்கிறது. நான் தேடியது தரைப் பாறையில் வெட்டியிருக்கும் எழுத்துகளை. 1919 மார்ச் 1 அன்று சியோலின் தப்கோல் பூங்காவில், ஜப்பானிய ஆட்சியிலிருந்து விடுதலைப் பிரகடனத்தை வாசித்த சோங் ஜேயோங்கின் பெயரும் அந்த நாளும் அதில் இருக்கின்றன. வெயிலும் மழையும் பட்டு எழுத்துகள் மங்கிவிட்டன. இவ்வளவு உயரம் ஏறிவந்து கருங்கல்லில் உளியால் செதுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது மனசு கனத்தது.

பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு வெள்ளரிக்காயைக் கையாலேயே 'படக்'கென்று உடைத்துப் பாதியை என்னிடம் தந்தார். அந்தத் தாகத்துக்கு அதைவிட ருசியாக எதுவும் சாப்பிட்டதில்லை. ஊரிலிருந்து அம்மா அனுப்பிய கடலைமிட்டாய் என் பையில் இருந்தது. ஒரு துண்டு கொடுத்தேன். கடித்ததும் அவர் கண் விரிந்தது. "காங்ஜோங்!" என்றார். கொரியாவிலும் நிலக்கடலையைப் பாகில் போட்டு வில்லையாக வெட்டுவார்கள். அதன் பெயர் அது. இன்னொரு துண்டு வாங்கித் தாளில் மடித்து வைத்துக்கொண்டார்.

கையுறையைத் திருப்பிக் கொடுத்தேன். இறங்கத்தான் அதிகம் தேவைப்படும் என்று சைகையாலேயே சொல்லி, வாங்க மறுத்துவிட்டார். அவர் வந்த வழியே திரும்பினார். நான் மேற்கே, கோட்டைப் பள்ளத்தாக்கு வழியாக ஓடையை ஒட்டி இறங்கினேன். இரண்டரை மணி நேரம். முட்டி இரண்டும் நடுங்கின.

பாதை முடிகிற இடத்தில் செருப்புத் தூசி தட்டுவதற்குக் காற்றுக் குழாய்கள் மாட்டியிருக்கிறார்கள். ஷூவிலும் பேண்ட்டிலும் காற்றடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் தன் வேலையை முடித்தவர், கேட்காமலே என் பின்பக்கம் வந்து முதுகிலும் பையிலும் ஒட்டியிருந்த தூசியைக் காற்றடித்து நீக்கினார். தோளில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.