தீர்ப்புக்குப் பிறகு வரும் ஆஸ்பத்திரி அட்டை

மலேசியாவில், பினாங்கில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். மேல்முறையீடு என்று யார் வந்தாலும் என் முதல் கேள்வி, "தீர்ப்பு என்னைக்குச் சொன்னாங்க?" என்பதுதான். மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிமன்றத் தீர்ப்பென்றால் 14 நாளுக்குள் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். காரணங்களை அப்போதே எழுதத் தேவையில்லை. வழக்குப் பதிவுகள் கைக்கு வந்தபின் விரிவான மனு போடலாம். இது தெரியாமல், முதலில் பணத்தைப் புரட்டுவோம் என்று நாளைக் கடத்திவிட்டு வருகிறார்கள். கெடு தாண்டினாலும் உயர் நீதிமன்றத்தில் அவகாசம் கேட்கலாம், ஆனால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும்.

பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஓர் அம்மா, பிளாஸ்டிக் பையிலிருந்து மகனுடைய மனநலக் கிளினிக் அட்டையை எடுத்து வைத்தார். ஓரமெல்லாம் நைந்திருந்தது. வரவேண்டிய தேதிகள் வரிசையாக இருந்து, ஓரிடத்துக்குக் கீழே வெறும் கட்டங்கள்.

"அதோட மருந்த நிறுத்திட்டான்மா. கோர்ட்டுல யாரும் கேக்கல. தங்கச்சிக்கு மாப்பிள்ள பாக்குற நேரம்னு நாங்களும் வாயத் திறக்கல."

திருட்டு வழக்கு. வழக்கறிஞர் இல்லாமல் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். ஒப்புக்கொண்டால் பொதுவாகத் தண்டனையின் அளவையும் சட்டப்படி அது செல்லுமா என்பதையும் பற்றித்தான் முறையிட முடியும். என்ன ஒப்புக்கொள்கிறோம், அதன் விளைவு என்ன என்பது அவனுக்கு அப்போது புரியவில்லை என்று காட்ட முடிந்தால் அந்த ஒப்புதலையே எதிர்க்கலாம். அதற்கு இந்த அட்டை போதாது. மருத்துவரின் முழு அறிக்கை வேண்டும். வழக்கு நடக்கும்போதே சொல்லியிருந்தால், நீதிமன்றமே அவனைக் கண்காணிப்புக்கு மனநல மருத்துவமனைக்கு அனுப்பியிருக்க முடியும். ஊர் என்ன சொல்லும் என்று நாம் மூடி மறைக்கும் வியாதி பிள்ளையைச் சிறையில் தள்ளுகிறது. எனக்கு இதில்தான் ஆற்றாமை.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்றார். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் தேசிய சட்ட உதவி அறக்கட்டளையையும் சொன்னேன். வருமானம் விசாரிப்பார்கள், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, தீர்ப்புத் தேதி, வழக்கு எண் எல்லாம் கையோடு இருக்கட்டும் என்றேன்.

மனநிலை பிறழ்ந்த நிலையில் செய்தது குற்றமாகாது என்னும் தண்டனைச் சட்டத்தின் 84ஆவது பிரிவைப் பற்றி எங்கள் வழக்கறிஞர் அவரிடம் நிதானமாகப் பேசினார். வியாதி இருப்பது மட்டும் போதாது. செய்த நேரத்தில், செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறிய முடியாத நிலையில் இருந்தான் என்று நம் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். நிரூபித்து விடுதலை கிடைத்தாலும் நேரே வீட்டுக்கு வர முடியாது. மருத்துவமனைக் காவலில் வைக்கப்படலாம், எப்போது வெளியே வருவான் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.

"அப்ப எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க சார்."

பையனைத்தான் கேட்கணும் என்றார் அவர். சிறையில் மருந்து தொடர்ந்து கிடைத்ததில் அவன் தெளிவாகப் பேசினான். தண்டனையைக் குறைக்க மட்டும் மருத்துவ அறிக்கையோடு முறையிடலாம் என்று அவனே சொன்னான். கெடுவுக்கு முன்பே நோட்டீஸைப் பதிவு செய்தோம்.