சவுக்கு வளரும் வரை

மரம் காற்றிலிருந்து இழுத்து வைக்கும் கார்பனை அளந்து விற்பதுதான் கார்பன் கிரெடிட். அந்தத் திட்டக் கோப்பு எதைத் திறந்தாலும் பாதிக்கு மேல் மரக் கணக்குதான். ஊரார் எந்த மரத்தில் வீடு கட்டுகிறார்கள், எந்த விறகில் சமைக்கிறார்கள் என்பதெல்லாம் கடைசியில் ஒரு பின்னிணைப்பில் கிடக்கும். வேலை கெடுவது பெரும்பாலும் அந்தப் பின்னிணைப்பில்தான்.

கென்யாவின் தென்கரையில், குவாலே மாவட்டத்தில் இருக்கிறது காஸி விரிகுடா. 1970களில் இங்கே அலையாத்தி மரங்களைச் சுண்ணாம்பு, செங்கல் சூளைகளுக்காக மொட்டையடித்தார்கள். 1990களில் மறுபடி நட்டார்கள். 2013 முதல் காஸி, மகோங்கேனி என்ற இரண்டு ஊர்களும் ‘மிகோகோ பமோஜா’ என்ற பெயரில் 117 ஹெக்டேர் காட்டைக் காத்து, ஆண்டுக்குச் சுமார் 3,000 டன் கார்பன் டை ஆக்சைடுக்கான கிரெடிட் விற்கின்றன. ஒப்பந்தம் 20 ஆண்டுக்கு.

அளவெடுப்பிலேயே ஒரு பொறி உண்டு. மற்ற மரங்களுக்கு 1.3 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றினால் போதும். அலையாத்தியில் ஒரு வகையான சுரபுன்னைக்கு அது ஆகாது. அந்த உயரத்தில் தண்டைச் சுற்றித் தாங்குவேர்கள்தான் இருக்கும். மேல்வேர் பிரியும் இடத்திலிருந்து 30 செ.மீ. மேலே போய் அளக்க வேண்டும். வேரையும் சேர்த்துச் சுற்றிவிட்டால் மரம் தாளில் பருத்துவிடும். ஐந்து ஆண்டு கழித்து வேறொருவர் சரியாக அளக்கும்போது காடே இளைத்தது போலத் தெரியும். அளந்த இடத்தில் பெயின்ட் கோடு போட்டு வைப்பது இதற்காகத்தான்.

சுற்றளவிலிருந்து உலர் எடை வரும். ஒரு டன் உலர்மரத்தில் ஏறக்குறைய 0.47 டன் கார்பன். அது கார்பன் டை ஆக்சைடாக எவ்வளவு என்று பார்க்க 3.67ஆல் பெருக்கினால் 1.72 டன். இதை அப்படியே விற்க முடியாது. புயல், தீ, திருட்டுவெட்டு எல்லாவற்றுக்கும் ஈடாக ஒரு பங்கை ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தைத்தான் விற்கலாம்.

பணத்தைப் பாருங்கள். டன் 10 டாலருக்குப் போனால்கூட 3,000 டன்னுக்கு 30,000 டாலர். காவலர் கூலி, ஒருங்கிணைப்பாளர் சம்பளம், சான்றிதழ்ச் செலவு போக மீதியைத் தலைக்குத் தலை பிரித்தால் ஒரு குடும்பத்துக்குச் சில நாள் மளிகைதான். ஆகவே ‘பராசா’ என்கிற ஊர்க்கூட்டத்தில் பேசி, குடிநீர்க் குழாய், பள்ளிப் புத்தகம் என்று பொதுவில் செலவிடுகிறார்கள். சரியான முடிவுதான். ஆனால் குழாய்த் தண்ணீர் எல்லோர் வீட்டுக்கும் போகிறது; நஷ்டம் எல்லோர் வீட்டுக்கும் வருவதில்லை. கம்பு வெட்டிப் பிழைத்தவருக்கும் சுள்ளி பொறுக்கிய பெண்களுக்கும்தான் அது வருகிறது.

அந்தக் கரையில் அலையாத்திக் கம்புக்குப் பருமன் வாரியாகப் பெயர் உண்டு. ஒல்லியானது ஃபிட்டோ, அடுத்தது பாவ், பிறகு போரிட்டி, தூணாக நிற்பது ங்குஸோ. கரையான் எளிதில் அரிக்காத கெட்டி மரம். கொத்தனார் அதைத்தான் கேட்பார். காட்டை மூடினால் கேட்பது நிற்காது, வெட்டு பக்கத்துக் கழிமுகத்துக்கு நகரும். கார்பன் திட்டக்காரர்களான எங்கள் பாஷையில் இதன் பெயர் ‘கசிவு’. இதைத் தடுக்கத்தான் சவுக்குத் தோப்பு. நம் கடற்கரைக்காரருக்குச் சவுக்கை விளக்கவே வேண்டாம். மணலில் வரும், நேராக வளரும், கம்பாகவும் விறகாகவும் ஆகும். ஆனால் வீட்டுக்கு ஆகிற கம்பு கிடைக்க நான்கைந்து ஆண்டு பிடிக்கும். காட்டில் வெட்டக்கூடாது என்பதோ கையெழுத்துப் போட்ட நாள் முதல். இந்த இடைவெளிக்குப் பெரும்பாலான திட்டங்களில் ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. தோப்பை இரண்டு ஆண்டு முன்னதாக நட்டுவிட்டுக் காட்டை மூடினால் பாதிச் சண்டை இருக்காது. விற்பனை தொடங்கும் முன் நாற்றுக்குப் பணம் தர யாரும் முன்வராததால் இது நடப்பதில்லை.

விவசாயியின் சொந்த நிலத்தில் மரம் வைக்கும் திட்டங்களில் கோளாறு வேறு விதம். உகாண்டாவில் 2003இல் தொடங்கிய திட்டம் ஒன்றில் பணம் அவர் கைக்கே போகிறது: நடும்போது 30 விழுக்காடு, முதல் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 10, பத்தாம் ஆண்டில் 20. மூன்று ஆண்டுக்குள் எழுபது வந்துவிடுகிறது. கிளைகள் கூடி, கீழே பீன்ஸ் போட முடியாமல் நிழல் கட்டுவது அதற்குப் பிறகுதான். ஐந்துக்கும் பத்துக்கும் நடுவே பயிரும் இல்லை, பணமும் இல்லை. கோடரி வெளியே வருவது அந்த வருஷங்களில்தான். கன்றுகளை வரப்போரமாகவோ வரிசைகளை விலக்கியோ நட்டால் நிழல் தள்ளிப்போகும். ஆனால் மர எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் பணமும் குறையும். இதை ஒப்பந்தம் போடும் அன்றே விவசாயியிடம் அவர் மொழியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஊர்க்கூட்டம் வைக்கும் நாளிலும் கவனம் தேவை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக வற்றும் நாட்களில் காலை நேரத்தில் கூட்டம் போட்டால், சிப்பி, நண்டு பொறுக்குகிறவர்கள் சேற்றில் இருப்பார்கள். கடைக்காரரும் ஆசிரியரும் மட்டும் வந்து கையெழுத்துப் போடுவார்கள். வருகைப் பதிவேட்டில் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும். பெயருக்கு எதிரே தொழில் என்ற ஒரு கட்டம் சேர்த்துப் பாருங்கள், கம்பு வெட்டுகிறவர் ஒருவரும் வரவில்லை என்பது அப்போது தெரியும்.